சிவப்பு மாத்திரையை விழுங்கியபின் வரும் கால் மணி நேரம்

கேள்வி இதுதான்: 'தி மேட்ரிக்ஸ்' படத்தில் வரும் சிவப்பு மாத்திரை இன்று இணையத்தில் பெண் வெறுப்புக் குழுக்கள் முதல் பெரும் பணக்காரர்கள் வரை பலர் வாயில் புழங்குகிறது. படத்தை எடுத்த வச்சாவ்ஸ்கி சகோதரிகளோ அதற்கு நேர்மாறான பொருள் சொல்கிறார்கள். ஓர் அறிவியல் புனைவுப் படத்தின் குறியீடு இப்படித் தடம் மாறுவது எப்படி? இவற்றில் எதைச் சரியான பொருள் என்று எடுத்துக்கொள்வது?

முதலில் அந்தக் காட்சியை நினைவுபடுத்திக்கொள்வோம். படம் 1999 மார்ச் 31 அன்று அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. பாழடைந்த கட்டடத்தில் ஓர் அறை, வெளியே இடியும் மழையும், தோல் நாற்காலியில் கிளர்ச்சிக் குழுவின் தலைவர் மார்ஃபியஸ், எதிரே படத்தின் நாயகன் நியோ. மார்ஃபியஸ் இரண்டு மாத்திரைகளை நீட்டுகிறார். நீல மாத்திரையை எடுத்தால் கதை இத்தோடு முடிந்தது, உன் படுக்கையில் விழித்தெழுந்து எதை நம்ப விருப்பமோ அதை நம்பிக்கொள்ளலாம். சிவப்பை எடுத்தால் முயல் வளை எவ்வளவு ஆழம் போகிறது என்று காட்டுகிறேன். நியோ கை நீட்டும்போது மார்ஃபியஸ் அவனை ஒரு கணம் நிறுத்தி, நான் தருவது உண்மையை மட்டும்தான், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்கிறார். நியோ சிவப்பை விழுங்குகிறான்.

பொதுவெளியில் சுற்றிவரும் குறியீடு இங்கேயே நின்றுவிடுகிறது. படம் நிற்கவில்லை. அந்த மாத்திரை என்ன செய்கிறது என்பதற்குப் படத்திலேயே ஒரு வசனம் இருக்கிறது, பலர் காதில் விழாமலே போய்விடும். அது தடம் பிடிக்கும் நிரல் ஒன்றின் பகுதி. மனிதர்களைத் தொட்டிகளில் கிடத்தி இயந்திரங்கள் அவர்கள் மூளைக்குள் ஓட்டும் பொய் உலகம்தான் மேட்ரிக்ஸ். அதோடு நியோவை இணைத்திருக்கும் சமிக்ஞையைக் குலைத்து, அவனுடைய நிஜ உடல் எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடிக்க உதவுவதுதான் அதன் வேலை. விழுங்கியதும் ஞானம் எதுவும் பிறப்பதில்லை. விரிசல் விட்ட நிலைக்கண்ணாடி கூழாகி அவன் கையில் ஏறித் தொண்டைக்குள் இறங்குகிறது. பிசுபிசுத்த தொட்டி ஒன்றில், மொட்டைத் தலையும் உடம்பெங்கும் குழாய்களுமாக எழுகிறான். கண் ஏன் வலிக்கிறது என்று கேட்கிறான், இதற்குமுன் நீ அவற்றைப் பயன்படுத்தியதே இல்லை என்று பதில் வருகிறது. செத்துப்போன தசைகளுக்கு உயிரூட்ட உடம்பு முழுக்க ஊசிகள். கடைசியில் உண்மையைச் சொன்னதும் நம்ப மாட்டேன் என்று கத்தி, வாந்தியெடுத்து விழுகிறான். அதன்பின் மார்ஃபியஸ் அவன் பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்கிறார். ஒரு வயதுக்கு மேல் எந்த மனத்தையும் நாங்கள் விடுவிப்பதில்லை, அது ஆபத்து, பழசை விடமுடியாமல் மனம் தவிக்கும், உனக்காக அந்த விதியை மீறினேன் என்கிறார்.

இந்தக் கால் மணி நேரத்தை அறுத்துவிட்டு மாத்திரையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டால் என்ன மிஞ்சும்? 'நான் விழித்துவிட்டேன், மற்றவர்கள் தூங்குகிறார்கள்' என்ற ஓர் உணர்ச்சி. அந்த உணர்ச்சிக்கு உள்ளடக்கம் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அதில் ஊற்றிக்கொள்ளலாம். குறியீடு தடம் மாறியதற்கு இதைத்தான் முதல் காரணமாகச் சொல்வேன்.

மாத்திரை எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்கவேண்டும், ஏனென்றால் இந்தப் படமே பிறர் குறியீடுகளை எடுத்து மாற்றிப் போட்டுக்கொண்டதுதான். முயல் வளை 1865இல் வந்த ஆலிஸ் கதையிலிருந்து வந்தது. நிழலை நிஜமென்று நம்பிக் கட்டுண்டு கிடக்கும் மனிதர்கள் பிளேட்டோவின் குகையிலிருந்து வந்தவர்கள். சிவப்பு மாத்திரைகூட ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1990இல் வந்த 'டோட்டல் ரீகால்' படத்தில் இருக்கிறது. அங்கே ஒரு மருத்துவர் நாயகனிடம் வந்து, நீ கனவில் இருக்கிறாய், இந்தச் சிவப்பு மாத்திரையை விழுங்கு, நிஜத்துக்குத் திரும்பும் உன் விருப்பத்தின் அடையாளம் இது என்கிறார். நாயகன் மாத்திரையை வாயில் போட்டுக்கொள்கிறான். மருத்துவர் முகத்தில் ஒரு வியர்வைத் துளி வழிவதைப் பார்க்கிறான். கனவில் வரும் உருவம் எதற்கு வியர்க்கவேண்டும்? அவரைச் சுட்டுவிட்டு மாத்திரையைத் துப்பிவிடுகிறான். அதே நிறம், அதே வாக்குறுதி. ஆனால் தருபவரை நம்பலாமா என்ற கேள்விதான் அந்தக் காட்சியின் உயிர். இணையம் அந்த மாத்திரையைத் தேர்ந்தெடுக்காமல் மேட்ரிக்ஸ் மாத்திரையைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு வியப்பே இல்லை. சந்தேகத்தைவிட உறுதிதான் வேகமாகப் பரவும்.

அடுத்து போத்ரியார். படத்தின் தொடக்கத்தில் நியோ திருட்டு மென்பொருளை ஒளித்துவைத்திருக்கும் புத்தகம் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழான் போத்ரியார் 1981இல் எழுதிய 'சிமுலாக்ரா அண்ட் சிமுலேஷன்'. உள்ளே குடைந்து வெறும் பெட்டியாக்கப்பட்டிருக்கும். நடிகர் கியானு ரீவ்ஸ் படப்பிடிப்புக்கு முன் படிக்கவேண்டிய நூல்களில் அதுவும் ஒன்று. இப்படிக் கொண்டாடப்பட்ட போத்ரியார் என்ன சொன்னார் தெரியுமா? 2003இல் ஒரு பேட்டியில், இவர்கள் என்னைத் தவறாகப் படித்திருக்கிறார்கள் என்றார். போலிக்குப் பின்னால் அசல் ஒன்று பத்திரமாக இருக்கிறது, அங்கே தப்பிப் போகலாம் என்பது பிளேட்டோவின் பழைய கதை. போத்ரியார் சொன்னதோ, போலியும் அசலும் பிரிக்கமுடியாதபடி கலந்துவிட்டன, தப்பிப்போக வெளி என்று ஒன்று இல்லை என்பது. அவர் கணக்கில் சிவப்பு மாத்திரை என்று ஒன்று இருக்கவே முடியாது. மேட்ரிக்ஸைப் பற்றி மேட்ரிக்ஸே எடுத்திருக்கக்கூடிய படம் இது என்று முடித்தார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், 'படைப்பாளி சொன்னதே சரி, மற்றதெல்லாம் திரிபு' என்ற எளிய பதிலை இது இல்லாமல் ஆக்கிவிடுகிறது. வச்சாவ்ஸ்கிகள் போத்ரியாரைத் தவறாகப் படித்தார்கள், அந்தத் தவறிலிருந்து ஒரு மகத்தான படம் பிறந்தது. தவறாகப் படிப்பது குற்றமென்றால் முதல் குற்றவாளிகள் அவர்களே. ஆகவே அளவுகோலை வேறிடத்தில் தேடவேண்டியிருக்கிறது.

மாயை என்ற சொல்லை வைத்து இந்தப் படத்தைப் படிப்பவர்களும் நம்மிடையே நிறைய. அதற்குப் படமே இடம் தருகிறது. 2003இல் வந்த மூன்றாம் பாகத்தின் இறுதியில் பெயர்ப்பட்டியல் ஓடும்போது ஒலிப்பது பிருகதாரண்யக உபநிடதத்தின் 'அசதோ மா சத் கமய'. பொய்யிலிருந்து மெய்க்கு என்னை இட்டுச்செல் என்ற வேண்டுதல். பொருத்தம் அழகானதுதான், ஆனால் ஒரு இடத்தில் உதைக்கிறது. மாயைக்குச் சொல்லும் பழைய உவமையில், கயிற்றைப் பாம்பென்று காண்பவனை யாரும் ஏமாற்றுவதில்லை. பிழை காண்பவன் பார்வையில் இருக்கிறது, விளக்கு வந்தால் பாம்பு போய்விடும், கோபித்துக்கொள்ள ஆள் இல்லை. மேட்ரிக்ஸில் ஆள் உண்டு. இயந்திரங்கள் திட்டமிட்டு ஏமாற்றுகின்றன. மாயைக்கும் சதிக்கும் உள்ள இந்த வித்தியாசம் பிற்பாடு நடந்ததையெல்லாம் புரிந்துகொள்ள மிக முக்கியம் என்று நினைக்கிறேன். ஏமாற்றுபவன் ஒருவன் இருக்கிறான் என்று கதை சொல்லிவிட்டால், அந்த இடத்தில் தனக்குப் பிடிக்காத எவரையும் கொண்டுவந்து உட்காரவைக்கலாம்.

அப்படித்தான் உட்காரவைத்தார்கள். 2007இல் கர்ட்டிஸ் யார்வின் என்ற அமெரிக்கக் கணினி நிரலாளர், மென்சியஸ் மோல்ட்பக் என்ற புனைபெயரில் மக்களாட்சிக்கு எதிராக எழுதிய கட்டுரைகளில் சிவப்பு மாத்திரையை அரசியல் சொல்லாக்கினார். அவருக்கு ஏமாற்றுபவர்கள் பல்கலைக்கழகங்களும் பத்திரிகைகளும். 2012இல் ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தில் 'தி ரெட் பில்' என்ற குழு தொடங்கியது. அங்கே ஏமாற்றுபவர்கள் பெண்களும் பெண்ணியமும். அதைத் தொடங்கியவர் அமெரிக்காவில் ஒரு மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் என்று 2017இல் வெளிவந்து அவர் பதவி விலகினார். 2018இல் ரெடிட் நிறுவனம் அந்தக் குழுவை எச்சரிக்கைப் பலகைக்குப் பின்னால் தள்ளியது. இதற்குள் பெயர்ச்சொல் வினைச்சொல்லாகவே ஆகியிருந்தது. ஒருவரை 'ரெட் பில்' செய்வது என்றால் அவரைத் தம் கட்சிக்கு இழுப்பது. உலகமே வீண், முயற்சியால் பயனில்லை என்று முடிவுகட்டியவர்கள் கறுப்பு மாத்திரை ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்கள். படத்தில் அப்படி ஒரு நிறமே கிடையாது.

2020 மே மாதம் ஈலான் மஸ்க் ட்விட்டரில் 'சிவப்பு மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுத, இவாங்கா டிரம்ப் 'எடுத்தாயிற்று' என்று பதில் போட்டார். படத்தின் இயக்குநர்களில் ஒருவரான லில்லி வச்சாவ்ஸ்கி அதன்கீழ் இருவரையும் ஒரு வசைச்சொல்லால் திட்டினார். உலகின் பெரும் பணக்காரர்களில் ஒருவரும் ஆட்சியிலிருந்த அதிபரின் மகளும் தங்களைக் கட்டமைப்பிலிருந்து தப்பித்தவர்களாக எண்ணிக்கொள்ள இந்தக் குறியீடு இடம்கொடுக்கிறதென்றால், அதில் உள்ளீடு எவ்வளவு காலியாகிவிட்டது என்று பாருங்கள். நியோ பகலில் அலுவலகத் தடுப்புக்குள் அடைந்து கிடக்கும் சாதாரண ஊழியன். தாமதமாக வந்ததற்காக மேலாளரிடம் திட்டு வாங்குபவன். படம் யார் பக்கம் நின்று கதை சொல்கிறது என்பதில் ஐயத்துக்கே இடமில்லை.

இருந்தாலும் படத்தை முழுக்க நிரபராதி என்று விடுதலை செய்ய மனம் ஒப்பவில்லை. பயிற்சிக் காட்சி ஒன்றில் மார்ஃபியஸ் தெருவில் போகிற வருகிற மனிதர்களைக் காட்டி, நாம் காப்பாற்ற முயல்வது இவர்களைத்தான், ஆனால் விடுபடும்வரை இவர்களும் அந்த அமைப்பின் அங்கமே, அதனால் நம் எதிரிகள் என்கிறார். நம்மவன் இல்லையென்றால் அவர்களில் ஒருவன் என்ற பொருளில் அந்தப் பேச்சு முடிகிறது. அதன் பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற வரவேற்புக்கூடச் சண்டை. நியோவும் அவன் தோழி டிரினிட்டியும் சுட்டுத்தள்ளும் காவலர்கள் இயந்திரங்கள் இல்லை. எங்கோ தொட்டியில் கிடக்கும், இன்னும் விழிக்காத மனிதர்கள். முதன்முறை பார்த்தபோது தூண்கள் சிதறும் அழகில் இது எனக்கு உறைக்கவே இல்லை. இன்று அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் அடிவயிறு கனக்கிறது. விழித்தவனுக்குத் தூங்குபவன் உயிர் மலிவு என்ற எண்ணத்தின் விதை அங்கே கிடக்கிறது. அதைப் பொறுக்கி எடுத்து வளர்த்தவர்கள் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொன்னார்கள்.

இப்போது படைப்பாளிகள் பக்கம். லானா வச்சாவ்ஸ்கி 2012இலும் லில்லி 2016இலும் தாங்கள் திருநங்கைகள் என்பதை வெளிப்படையாக அறிவித்தார்கள். அதற்குப் பின் பலர் படத்தைத் திரும்பப் பார்த்தார்கள். 2020 ஆகஸ்டில் ஒரு பேட்டியில் லில்லி, திருநர் உருவகம் என்பதுதான் தொடக்கத்திலிருந்தே இருந்த நோக்கம், உலகம் அதற்குத் தயாராக இருக்கவில்லை என்றார். ஸ்விட்ச் என்ற பாத்திரம் நிஜ உலகில் ஆணாகவும் மேட்ரிக்ஸுக்குள் பெண்ணாகவும் இருப்பதாகத்தான் முதலில் எழுதப்பட்டதாம். அதே பேட்டியில் இன்னொன்றையும் சொன்னார்: எழுதும்போது தான் திருநங்கை என்பது மனத்தின் பின்னணியில் எந்த அளவுக்கு இருந்தது என்று தனக்கே தெரியாது என்று. அந்த நேர்மைக்காக அவர்மேல் எனக்கு மதிப்பு கூடியது. எழுதுபவர் கையில் முழுச் சாவியும் எப்போதும் இருப்பதில்லை.

இந்த வாசிப்பை நான் ஏற்பதற்குக் காரணம் லில்லி சொன்னார் என்பது இல்லை. இந்தப் பார்வையோடு படத்துக்குத் திரும்பிப் போனால் காட்சி காட்சியாகத் திறக்கிறது. மேட்ரிக்ஸைக் காவல் காக்கும் ஏஜென்ட் ஸ்மித் நியோவை விடாப்பிடியாக 'மிஸ்டர் ஆண்டர்சன்' என்றே கூப்பிடுகிறான். பிறப்பில் வைத்த பெயரைச் சொல்லியே ஒருவரைக் குத்துவது எப்படிப்பட்ட வன்முறை என்று திருநர்களைக் கேட்டால் தெரியும். சுரங்க ரயில் பாதையில் ரயில் பாய்ந்து வரும்போது, கழுத்தை நெரித்தபடி ஸ்மித் அதே பெயரைச் சொல்ல, 'என் பெயர் நியோ' என்று திமிறி எழுகிறானே, சண்டைப் படத்தின் வீரவசனமாக நான் ரசித்த அந்த வரி இப்போது வேறு ஆழத்தில் கேட்கிறது. உலகத்தில் ஏதோ சரியில்லை, என்னவென்று தெரியவில்லை, மனத்தில் சிலாம்பாகக் குத்திக்கொண்டே இருக்கிறது என்று மார்ஃபியஸ் வர்ணிக்கும் அந்த உணர்வும் அப்படித்தான். கண்ணாடியில் தன்னைப் பார்ப்பது, தனதல்லாத உடம்பில் வாழ்வது, பிறர் தரும் உருவத்துக்கும் தான் உணரும் உருவத்துக்கும் உள்ள இடைவெளி, எல்லாம் வந்து பொருந்துகின்றன. 1990களில் திருநங்கைகள் எடுத்துக்கொண்ட ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மாத்திரை ஒன்று அடர்சிவப்பு நிறம் என்று ரசிகர்கள் சுட்டிக்காட்டுவதுண்டு. இது ரசிகர்கள் கண்ட பொருத்தம், இதன்மேல் நான் அதிகம் எடை வைக்கமாட்டேன். இது இல்லாமலே அந்த வாசிப்பு நிற்கிறது.

ஆக என் அளவுகோல் இதுதான்: ஒரு வாசிப்பு படத்துக்குத் திரும்பி வருகிறதா? திரும்பி வந்தால், மேலும் எத்தனை காட்சிகளுக்கு வெளிச்சம் போடுகிறது? மாயை வாசிப்பு பாதி தூரம் வருகிறது. திருநர் வாசிப்பு வெகுதூரம் வருகிறது. உழைப்பையும் சுரண்டலையும் வைத்துப் படிப்பதும் நன்றாகவே வருகிறது, மனித உடம்புகளையே மின்கலமாக்கி வைத்திருக்கும் உலகம் அல்லவா. பெண் வெறுப்புக் குழுவின் வாசிப்போ ஒரே காட்சியை வெட்டியெடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டது. திரும்பி வந்தால் டிரினிட்டி நிற்பாள். நியோவைத் தேடி வருபவள் அவள், பலமுறை காப்பாற்றுபவள் அவள், அவன் செத்துக் கிடக்கும்போது எழுப்புபவளும் அவள்தான். வருவதை முன்கூட்டிச் சொல்லும் ஆரக்கிளும் ஒரு பெண்.

வேறு படங்களிலும் இந்த அளவுகோல் வேலை செய்கிறது. இயக்குநர் ஜான் கார்பென்டரின் 'தே லிவ்' 1988இல் வந்தது. ஒரு கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் விளம்பரப் பலகைகளில் 'கீழ்ப்படி', 'வாங்கு' என்றும், பண நோட்டில் 'இதுதான் உன் கடவுள்' என்றும் தெரியும். பணக்காரர்களில் பலர் வேற்றுக்கிரகவாசிகள். அதிபர் ரீகன் காலத்து அமெரிக்கப் பேராசையைப் பற்றிய படம் என்று கார்பென்டரே பலமுறை சொல்லியிருக்கிறார். பின்னாளில் நவ நாஜிகள் அந்த வேற்றுக்கிரகவாசிகளின் இடத்தில் யூதர்களை வைத்துப் பரப்பினார்கள். 2017 ஜனவரியில் கார்பென்டர் ட்விட்டரில் வந்து, இந்தப் படம் பணமோகத்தையும் கட்டற்ற முதலாளித்துவத்தையும் பற்றியது, யூதர் கட்டுப்பாடு என்பதெல்லாம் பொய், அவதூறு என்று எழுதவேண்டியிருந்தது. இங்கும் நடந்தது அதே வெட்டு. கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், அதில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. அந்தப் படத்தில் நண்பனைக் கண்ணாடி போடவைப்பதற்காக நாயகன் சந்தில் போடும் ஐந்து நிமிடத்துக்கும் மேலான ஒரு முரட்டுச் சண்டை இருக்கிறது. உண்மையைப் பார்க்க மறுப்பவனின் பிடிவாதத்தை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய வேறு காட்சி எனக்கு நினைவில்லை.

எல்லா மறுவாசிப்பும் இப்படிக் கசப்பாக முடிவதில்லை. 1605இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கும் சதியில் பிடிபட்ட கை ஃபாக்ஸின் முகம், ஒரு சித்திரக்கதை வழியாக 'வி ஃபார் வெண்டெட்டா' படத்துக்கு வந்தது (திரைக்கதை இதே வச்சாவ்ஸ்கிகள்தான்). 2008இல் அனானிமஸ் என்ற இணையப் போராட்டக் குழுவினர் அந்த முகமூடியோடு வீதிக்கு வந்தார்கள், பிறகு அது உலகெங்கும் எதிர்ப்பின் முகமானது. அதிகாரபூர்வமாக விற்கும் ஒவ்வொரு முகமூடிக்கும் ஒரு பெரிய திரைப்பட நிறுவனத்துக்கு உரிமைத்தொகை போய்க்கொண்டிருந்தது என்பது உறுத்தல்தான். ஆனாலும் பெயரற்ற பலர் ஒரே முகமாவது என்ற அந்தப் பயன்பாடு படத்தின் இறுதிக்காட்சியிலேயே இருக்கிறது. அதைத் திரிபு என்று சொல்லமாட்டேன், தொடர்ச்சி என்பேன்.

மேட்ரிக்ஸுக்கே திரும்புவோம். 2021இல் லானா தனியாக எடுத்த நான்காம் பாகத்தில் இந்தத் திருட்டுக்கு நேரடியாகப் பதில் சொல்கிறார். நியோ அதில் மறுபடியும் தாமஸ் ஆண்டர்சன். மேட்ரிக்ஸ் என்ற கணினி விளையாட்டை உருவாக்கிப் புகழ்பெற்றவன், நீல மாத்திரையைத் தினம் விழுங்கிக்கொண்டிருப்பவன். அவன் அலுவலகத்தில் இளைஞர்கள் கூடி, மேட்ரிக்ஸ் என்றால் திருநர் அரசியல், மறைமுகப் பாசிசம், முதலாளித்துவச் சுரண்டல் என்று ஆளுக்கொரு பொருளை அடுக்கிக்கொண்டே போவார்கள். பிறகு பக்ஸ் என்ற இளம்பெண் அவனிடம் சொல்வாள்: எங்களைப் போன்றவர்களுக்கு உயிராக இருந்த உங்கள் கதையை எடுத்து அற்பமாக்கிவிட்டார்கள், மேட்ரிக்ஸ் செய்வது அதைத்தான், எந்த எண்ணத்தையும் ஆயுதமாக்கிவிடும் என்று. படம் பலருக்குப் பிடிக்கவில்லை, எனக்கும் அதன் சண்டைகள் சோர்வாகவே இருந்தன. இந்த ஒரு பேச்சில் இருக்கும் வலி மட்டும் நிஜம்.

ஆனால் உண்மையான பதில் அதற்கு வெகுமுன்பே, சிவப்பு மாத்திரை அரசியல் தொடங்குவதற்கும் முன்பே, 2003இல் வந்த இரண்டாம் பாகத்தில் இருக்கிறது. நியோ கடைசியில் மேட்ரிக்ஸை வடிவமைத்தவனைச் சந்திக்கிறான். மீட்பர் ஒருவர் வருவார், அது நியோதான் என்று மார்ஃபியஸ் நம்பியிருந்த முன்னறிவிப்பே அமைப்பு தயாரித்த இன்னொரு கட்டுப்பாடு என்று அங்கே தெரியவருகிறது. விழிக்கத் துடிக்கும் சிலரை ஒரு பக்கம் ஒதுக்கி வைப்பதற்கான ஏற்பாடு. நீ முதல் ஆள் இல்லை, ஆறாவது என்கிறான் அவன். அதாவது விழித்துவிட்டோம் என்று நம்பியவர்களின் அந்த உறுதியும் ஏமாற்றின் பகுதியாகவே இருந்திருக்கிறது.

நீங்கள் மறுபடி பார்ப்பதானால், முதல் பாகத்தில் மாத்திரைக்குப் பின் வரும் அந்தக் கால் மணி நேரத்தையும், இரண்டாம் பாகத்தின் கடைசிச் சில நிமிடங்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள். நியோ திரும்பி வந்து முன்னறிவிப்பு பொய் என்று மார்ஃபியஸிடம் சொல்கிறான். மார்ஃபியஸ் நம்ப மறுக்கிறார், முதல் பாகத்தில் நியோ மறுத்ததைப் போலவே. அடுத்த சில நிமிடங்களில் அவருடைய கப்பலே கண்முன் வெடித்துச் சிதறுகிறது. மாத்திரைகளைக் கையில் ஏந்தி நின்ற அந்த மனிதர் எரியும் கப்பலைப் பார்த்தபடி, நான் ஒரு கனவு கண்டேன், அந்தக் கனவு இப்போது என்னைவிட்டுப் போய்விட்டது என்கிறார்.